டின்னைத் திருப்பிக் கொடுத்தால் போதும்

1

போன வெள்ளிக்கிழமை என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்தது. சவ்வரிசிப் பாயசம் காய்ச்சி, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எனக்குப் பழக்கமானவர்களுக்கெல்லாம் தூக்குச் சட்டிகளில் கொடுத்தனுப்பினேன். மாலைக்குள் எல்லாச் சட்டிகளும் திரும்பி வந்துவிட்டன. கழுவித் துடைத்து, துளி ஈரம் இல்லாமல், வெறுமையாக. கொண்டுவந்த பெண்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து உள்பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார்கள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு, இது என்ன பழக்கம் என்று தோன்றும். நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது மனஸ்தாபம் உள்ள வீட்டுக்குத்தான். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு சிட்டிகை சீனி, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தருவோம். இந்தத் தோட்டத்திலும் போன வருஷம் வரை அப்படித்தான் இருந்தது. சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தான் இங்கே இருப்பவர்கள். ஊர்ப் பெயரையே மறந்தவர்கள்கூட இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அது இங்கே நின்றுபோனதற்கு நான்தான் காரணம். என் கணவர் அப்படியில்லை என்கிறார். சட்டம் காரணம், பால்மாவு விற்க வந்த ஆள் காரணம் என்கிறார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இதுவரை நான் இங்கிருந்து ஊர்ப் பத்திரிகைக்கு எழுதியதெல்லாம் மழை, அட்டைப்பூச்சி, ரப்பர் மரம், மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம் என்று பார்த்த விஷயங்கள். இது பார்த்த விஷயம் இல்லை. எழுதலாமா என்று இப்போதும் தெரியவில்லை.

2

நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலானில், லாபுப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் கணவர் சின்னக் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸில் இரண்டாவது கணக்கர். கல்யாணமாகி நான் கப்பலில் வந்து இறங்கியபோதே இங்கே அவசரகாலச் சட்டம் இருந்தது. காட்டில் துப்பாக்கியோடு மறைந்திருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதில் சர்க்கார் குறியாக இருக்கிறது. அதற்காக லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். அரிசியும் சீனியும் அளவாகத்தான் கிடைக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்களை அந்த வாசலில் நிறுத்திச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஆண்களை மலாய்க் காவலர்கள் சோதிப்பார்கள். பெண்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பாள், கொண்டையைத் தடவிப் பார்ப்பாள். சாப்பிடும் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துதான் சோறு.

எங்களைப் போன்ற சிப்பந்தி வீட்டுப் பெண்களை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. நான் வெளியே போனால் தோட்டத்து லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். காவலர் தலையசைப்பார். லாரி நிற்காமல் போகும். இதை ஒரு சலுகை என்று அப்போது நான் நினைத்தது கூட இல்லை.

என் மகள் பாலை ‘சூசு’ என்கிறாள். மலாய்க்காரர்கள் பாலுக்குச் சொல்லும் சொல் அது. அவள் முதலில் சொன்ன சொற்களில் அதுவும் ஒன்று. அம்மாவுக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டு, ‘அம்மா, அப்பா என்கிறாள்’ என்று மட்டும் எழுதினேன். அந்தச் சொல்லை அவள் காதில் முதலில் போட்டது பால்மாவு ஆள்தான். டின்னைக் குலுக்கி, ‘சூசு, சூசு’ என்று அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். அவளும் சிரித்தாள்.

3

அப்போது வண்டிகள் வேலிக்குள்ளேயே வரும். வேலை இல்லாத ஒரு நாளில் சிறிய வேன் ஒன்றில் அவர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, படிய வாரிய தலை, நம் தமிழர். சிரம்பானில் ஆபீஸ் என்றார். நேராக லயத்துக்குப் போகாமல் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, இந்த வீட்டு அம்மாளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகு காலமாகியிருந்தது. மாயவரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தந்திகளையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். பாவாடை கட்டிய வயதிலேயே பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே வந்த பிறகு என் படிப்பு அரிசி டின்னுக்கடியில் விரித்த பழைய பேப்பரை வாசிக்கத்தான் பயன்பட்டது. தெரியும் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அவர் தலையைத் தாழ்த்தி, அப்படியானால் எனக்குக் கொஞ்சம் உதவ வேண்டும் என்றார்.

கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டின் பால்மாவு. அதற்கு ஓர் அட்டை. அட்டையில் பெயரை எழுதிக் கைநாட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று என்னையே எழுதச் சொன்னார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரோடு லயத்துக்குப் போனேன்.

பெண்கள் டின்னை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். முதல் வரிசையின் கடைசி வீட்டு லெட்சுமி கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பால்மரம் வெட்டுகிறவள். பையன் பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் தோட்டத்தில் ஒரு காரியமும் இல்லாமல் என்னிடம் பேசிவிட்டுப் போக வருகிற ஒரே ஆள் அவள். வேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மாட்ட எங்கியோ கட்டிப் போட்டுட்டு பால மட்டும் சும்மா குடுக்க வந்திருக்காரு போல,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“சும்மாதான் தங்கச்சி. ஒரு மாசம் பிள்ளைக்குக் குடுத்துப் பாருங்க. பிடிக்கலையா, டின்னத் திருப்பிக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் வேணாம் லா.”

லெட்சுமி என்னிடம் அட்டையை நீட்டினாள். “நீங்க படிச்சுச் சொல்லுங்க கிராணியம்மா. நீங்க சொன்னா சரி.”

அட்டையின் முகப்பில், குழந்தையின் படத்துக்கு மேலே, இலவசம் என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். அட்டையைத் திருப்பியும் பார்த்தேன். திருப்பிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்துகள் இருந்தன. அதற்குள் மகள் அழுதாளா, அல்லது அவர் அடுத்த அட்டையை நீட்டினாரா தெரியவில்லை. வாசிக்கவில்லை. அந்தப் பொடி எழுத்தை எல்லார் முன்னிலும் திக்கித் திக்கி வாசிக்க வேண்டியிருக்குமே என்று தயங்கினேன் என்பதுதான் உண்மையாக இருக்கும். “சும்மாதான், வாங்கிக்குங்க,” என்றேன். ஒவ்வொரு அட்டையிலும் பெயர் எழுதினேன். அவர்கள் வரிசையாக வந்து கட்டைவிரலைப் பதித்தார்கள்.

4

அடுத்த மாதம் தோட்டத்துக் கடையில் அந்தப் பெண்களின் பெயருக்கு மறுபடியும் டின் வந்தது. அதுவும் சும்மாதான் என்று எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். சம்பள நாளில் கடைக் கணக்கோடு அதற்கும் பிடித்துவிட்டார்கள். சம்பள மேசையில் பெயர் வாசித்தது என் கணவர். பிடித்தத்தைப் பார்த்து ஒவ்வொரு பெண்ணும் அவரிடம், சும்மா தந்ததுதானே என்று கேட்டாள். கடைக்காரரிடமிருந்து ஓர் அட்டையை வாங்கி வந்து, பின்பக்கம் மேலே தெரிய என் முன்னால் வைத்தார்.

காலி டின், மூடியோடும் அளவுக் கரண்டியோடும் கம்பெனி ஆளின் கைக்குத் திரும்பி வராத வரை, அந்த வீட்டுக்கு மாதம் ஒரு டின் வேண்டும் என்று பொருள். விலையைக் கடைக் கணக்கில் சேர்க்கலாம். கைநாட்டு வைத்தவர் இதற்குச் சம்மதிக்கிறார். பின்பக்கத்தில் இவ்வளவுதான். வாசிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை.

ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. டின்னைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். கொடுக்காவிட்டால் என்ன என்று நாங்கள்தான் கேட்கவில்லை. தோட்டத்தில் மூடி போட்ட ஒரு டின் எந்த வீட்டிலிருந்தும் திரும்பிப் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் போய்க் கேட்டபோது ஒரு டின்னில் திரி போட்டு விளக்காக்கியிருந்தார்கள். ஒன்றில் மிளகாய் விதை முளைத்திருந்தது. ஒன்றை ஒரு குழந்தை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். லெட்சுமி மட்டும், “மாடு யாருன்னு இப்பத்தான் தெரியுது கிராணியம்மா,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இதை நானே சரி செய்கிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். இரண்டாவது டின்னைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, மூடியையும் கரண்டியையும் போட்டு என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள், அவரிடம் சேர்ப்பது என் பொறுப்பு என்று வீடு வீடாகச் சொல்லி வந்தேன். ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு வீண் சிரமம் என்றார்கள். எனக்கு மறுபடியும் மாயவரத்துத் தெரு நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன்.

திறந்து பார்க்கவில்லை. தூக்கும்போது உள்ளே ஏதோ சலசலத்தது. கரண்டிதான் என்று நினைத்தேன்.

அதற்குள் சடக்கில், அதாவது பெரிய சாலையில், காட்டு ஆட்கள் ஒரு லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்பதால் வெளி வண்டிகளைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை. பால்மாவு வேன் மாத ஆரம்பத்தில் சந்திப்பில் இருக்கும் கடையோரம் வந்து நிற்கும் என்று கடைக்காரர் சொன்னார். நான் லாரியில் போய்க் கொடுத்திருக்கலாம். போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியும் என்றீர்களே அம்மா என்று அவர் கேட்க மாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். லெட்சுமி வெட்டுகிற மரங்கள் சந்திப்பு வரை போகின்றன. ஒரு மாலை சாக்கை அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று பிறகு என் கணவரிடம் சொன்னேன். இல்லை. நான்தான் கேட்டேன்.

5

மறுநாள் காலை நான் மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஆயா வந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் லெட்சுமியின் பையன் இருந்தான். வாசலில் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்களாம். ஒரு டின்னில் ஒரு பிடி அரிசி. ஒன்றில் சீனி. ஒன்றில் காய்ந்த மிளகாய், ஒன்றில் ஒரு துண்டு வெல்லம். லெட்சுமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் டின்னைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கிராணியம்மா வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார்கள். வெறும் பாத்திரமாக எப்படிக் கொடுப்பது? தங்களுக்கு அளந்து கிடைத்த அரிசியிலிருந்து எனக்கென்று ஒரு பிடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் பட்ட சிரமத்துக்காக. வாங்கியதும் நான் திறந்து எடுத்துவைப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானே மாயவரத்தில் இருந்திருந்தால் மூடியைத் திறந்து பார்த்திருப்பேன். இங்கே வந்த பிறகு, லயத்திலிருந்து வருகிற பாத்திரத்துக்குள் எனக்கென்று எதுவும் இருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதை விட்டிருந்தேன் போலும். அல்லது எதிர்பார்க்க விரும்பவில்லை.

பையன் அழுதான். தாய் பால் கொடுத்துவிட்டுப் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அப்பன் பெருமாள் தோட்டத்தின் தூரத்து ரப்பர்க் காட்டில் புல்வெட்டும் கூட்டத்தோடு போயிருந்தான். அவன் வந்தும் என்ன கொடுக்க முடியும்? ஆயா பையனை என்னிடம் நீட்டினாள்.

அப்போது என் மகள் பால்குடி மறக்கவில்லை. எனக்கு மார்பில் பால் இருந்தது. அது ஆயாவுக்குத் தெரியும், அவளும் பிள்ளை பெற்றவள்தான். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் உள்ளே போய் வெந்நீர் வைத்து, எங்கள் வீட்டு டின்னைத் திறந்து, புட்டியில் பால்மாவு கரைத்துக் கொண்டுவந்தேன். கரைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் காரணங்கள் சொல்லிக்கொண்டேன். மகளுக்குக் குறைந்துவிடும், பையனுக்குச் சளி இருக்கிறது, இவர் என்ன சொல்வாரோ. உண்மையான காரணம் இவற்றில் இல்லை. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பையன் ரப்பர் காம்பை முதலில் துப்பினான். பிறகு பசியில் பிடித்துக்கொண்டான்.

மதியம் என் கணவர் வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, சாயந்திரம் வரை யாரிடமும் வாய் திறக்காதே, தோட்டத்துத் துரையிடம் நேரம் பார்த்து நான் பேசுகிறேன் என்றார். கிராணியின் மனைவி லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சாமான் சேகரித்து வேலிக்கு வெளியே அனுப்பினாள் என்று யாராவது எழுதினால் அதைப் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். வேலை போகும், நம்மைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றார். அவர் பயந்தது நியாயம். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார். ஆனால் கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லெட்சுமி எங்கோ ஓர் அறையில் மார்பு கட்டிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, நான் ஊருக்குப் போவதை நினைத்தேன்.

அவர் சொன்னபடி பேசாமல் இருந்தேன். சொன்னதைக் கேட்பது எனக்குப் பழக்கம். அன்று அது வசதியாகவும் இருந்தது.

6

மறுநாள் போலீஸ் துரை ஆபீஸுக்கு வந்து பெண்களை விசாரித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி உண்மையைச் சொன்னால் என் பெயர் வரும் என்று அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். லெட்சுமியும் போலீஸ் ஸ்டேஷனில், எல்லா டின்னும் என்னுடையது, அரிசியும் என்னுடையது என்று சொல்லியிருந்தாள். கைப்பிள்ளைக்காரியைத் திட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அவள் பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். தோட்டத்துத் துரையிடம் என் கணவர் இன்னும் பேசவில்லை. நேரம் சரியில்லை என்றார். சாயந்திரமும் சரியில்லை.

மூன்றாம் நாள் ஆயா பையனைப் பார்க்க வந்தாள். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவ வர்றதுக்குள்ள மறந்துரும் இது,” என்றாள். “பிள்ளைங்களுக்கு என்னாம்மா தெரியும். குடுக்கிற கையைத்தான் தெரியும்.”

அவள் போனதும் பையனைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். தடுக்கவில்லை. உள்ளே போலீஸ் துரை இருந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த இளைஞர். அடுப்படியில் நான் தயார் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. சாக்கு என்னுடையது என்று சொல்ல முடிந்தது. பெண்கள் டின்னை எனக்குத்தான் கொடுத்தார்கள் என்று சொல்ல முடிந்தது. அதற்குள் ஏன் அரிசி போட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது? பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பதில்லை என்றேன். ஏன் என்றார். அது நல்லதில்லை என்றேன். சட்டத்துக்கா என்றார். நான் படித்த ஆங்கிலத்தில் அதற்கு வழியிருக்கவில்லை. என் கணவர் வாசலில் வந்து நின்று, மெதுவாக, எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் சார், என்றார். அன்று அவர் எனக்குச் செய்த உதவி அது. அதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

துரை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படவில்லை. களைத்துப்போனவர் போலப் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தக் காலையிலேயே வாசலுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால், அந்தக் காவலர்களுக்கு உங்களைத் தெரியும், விஷயம் வாசலோடு முடிந்திருக்கும் என்றார். இப்போது காகிதம் மேலே போய்விட்டது. மேலே போன காகிதம் அதன் வேகத்தில்தான் கீழே வரும், அதை என்னாலும் இழுக்க முடியாது என்றார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை இரண்டு பக்கமும் வாசித்தேன்.

நான் போய் வந்த பிறகு லயத்துப் பெண்களும் தாங்களாகவே போய், அரிசி நான் போட்டது, சீனி நான் போட்டது என்று சொன்னார்கள். அவர்களை எச்சரித்து அனுப்பினார்கள். லெட்சுமியின் காகிதம் மட்டும் வரவில்லை. ரெம்பாவ் என்றார்கள், சிரம்பான் என்றார்கள், பெருமாள் வேலைக்குப் போகாமல் அங்கும் இங்கும் அலைந்தான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று, “நாளைக்கு வரச் சொன்னாங்க, கிராணியம்மா,” என்று மட்டும் சொல்வான். பையனைத் தூக்கி ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு என்னிடமே தந்துவிட்டுப் போவான்.

சாக்கிலிருந்த டின்கள் சாட்சிப் பொருளாகப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தன. டின் வந்து சேரவில்லை, அதனால் அட்டை ரத்தாகாது என்று பால்மாவு ஆள் கடைக்காரரிடம் சொல்லியனுப்பினார். அடுத்த சம்பளத்திலும் பிடித்தார்கள். சிறையில் இருந்தவள் பெயருக்கும் ஒரு டின் வந்தது. அதைத்தான் அவள் பையனுக்குக் கரைத்துக் கொடுத்தேன்.

7

ஒரு மாதம் ஆகும் தறுவாயில் அவளை விட்டார்கள். பெருமாள் வந்து பையனை வாங்கிக்கொண்டு போனான். நான் லயத்துக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் புடவை மாற்றிக்கொள்வேன். பிறகு அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த வாரமே தோட்டத்துத் துரைக்கு இந்தப் போலீஸ் விவகாரம் அலுத்துவிட்டது. பால்மாவு என்று ஒன்று கடைக் கணக்கில் வரவே கூடாது, எல்லா அட்டைகளையும் ரத்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். என் கணவர் சிரித்த முகத்தோடு வந்து சொன்னார். இவ்வளவு நாள் நாங்கள் தலைகீழாக நின்ற காரியம், ஒரே சொல்லில் முடிந்துபோனது. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பிற்பகல் லெட்சுமி வந்தாள். உடம்பு கரைந்திருந்தது, முடியை ஒட்ட வாரியிருந்தாள். பையன் இடுப்பில் இருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அதற்காகப் பல நாள் சேர்த்து வைத்திருந்த சொற்கள் என்னிடம் இருந்தன. அவள் கையை லேசாக அசைத்து நிறுத்திவிட்டாள்.

“அத விடுங்க. அட்டையெல்லாம் எடுத்துட்டாங்களாமே?”

ஆமாம் என்றேன். இனி யாருக்கும் பிடிக்க மாட்டார்கள் என்றேன். நான் சொல்கிற முதல் நல்ல சேதி என்று நினைத்துச் சொன்னேன்.

“எனக்கு மட்டும் வேணும்,” என்றாள். “அய்யாகிட்ட சொல்லி எழுதிக் குடுங்க.”

எனக்குப் புரியவில்லை. அவள் பையனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்குப் பால் நின்னு போச்சு கிராணியம்மா. வச்சுப் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிறான். கஞ்சித் தண்ணி குடுத்தா கக்குறான். அந்த மாவுதான் வேணுமாம் தொரைக்கு.” கடைசிச் சொற்களைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தாள்.

நான் வாங்கித் தருகிறேன், ஒவ்வொரு மாதமும் என் செலவு என்றேன். வேண்டாம் என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. ஒரு பொருளை எடை பார்த்துக் கீழே வைப்பது போலச் சொன்னாள். “அவன் அப்பன் சம்பளத்துலயே பிடிக்கட்டும்மா. சும்மா வேணாம்.”

இந்த ஓர் அட்டைக்கு மட்டும் என் கணவரைத் துரையிடம் பேசச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவரிடம் ஓர் அட்டை எஞ்சியிருந்தது. அதை எடுத்துவந்து அவள் முன்னால் உட்கார்ந்து, முகப்பை வாசித்தேன், பின்பக்கத்தையும் வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், டின்னைத் திருப்பும் வரி உட்பட. அவள் முழுவதையும் கேட்டாள். சரி என்றாள். பெயரை எழுதினேன். கைநாட்டு வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பையனை என்னிடம் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்பே அவன் என் பக்கம் சாய்ந்து வந்துவிட்டான். அவள் அதைப் பார்க்காதவள் போல மைப்புட்டியைத் திறந்தாள்.

அவனைத் தோளில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் சாயவில்லை. அவன் என் மார்பைத் தேடவில்லை, ஒருபோதும் தேடியதில்லை. தலையைத் திருப்பி, என் வெறும் கையைப் பார்த்தான், அதில் புட்டி இருக்கிறதா என்று.